எல்லயில் குடியேறலாமா?

“எல்லயில வீடா? கொடுத்து வச்சவங்க!”

என் தங்கையின் குடும்பம் எல்லவுக்குக் குடிபோகப் போகிறது என்று சொன்னபோது, பதுளையில் எனக்குத் தெரிந்தவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் சொன்னது இதுதான். மீதி இரண்டு பேர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு பேரும் எல்லயில் இருந்து பதுளைக்கு வந்து குடியேறியவர்கள்.

வாசகிகளே, ஊர் பார்க்கப் போவது வேறு, ஊரில் போய் இருப்பது வேறு என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு ஊர் மிகவும் அழகாக இருந்துவிட்டால் இந்த வித்தியாசம் மறந்து போய்விடுகிறது. எனக்கு அதை மறக்க முடியாமல் செய்தது அம்மா எனக்கு விட்டுப் போன இரண்டு வளையல்கள். எப்படி என்று சொல்கிறேன்.

தங்கையின் கணவர் எல்லயில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை செய்கிறார். அவர்கள் இருந்தது தெமோதரையில், தோட்டத்தை ஒட்டிய ஒரு சின்ன வாடகை வீட்டில். வெளிநாட்டவர் இரவு பத்து மணிக்கும் சாப்பிட வருவார்கள். பாத்திரம் கழுவி, அடுப்படியைத் துடைத்து வெளியே வரும்போது பத்தரை தாண்டிவிடும். அந்த நேரத்தில் பஸ் ஏது? ஓட்டோ பிடித்தால் அன்றைய சம்பளத்தில் பாதி போய்விடும். ஆகவே கிழமையில் நான்கு நாட்கள் உணவகத்தின் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்வார். பிள்ளைகள் அப்பாவைக் காண்பது போயா தினத்தில்தான் என்று தங்கை சிரித்துக்கொண்டே சொல்வாள். அது சிரிப்பதற்காகச் சொன்னது அல்ல.

2023ஆம் ஆண்டு முடியும் தறுவாயில், எல்ல கடைவீதிக்குப் பின்னால் இரண்டு அறைகளுடன் ஒரு வீடு வாடகைக்கு இருப்பதாகத் தெரியவந்தது. மாதம் 30,000 ரூபா. ஆறு மாத முற்பணம் கேட்டார்கள். “ஒரு அறையில நாங்க நாலு பேரும் இருந்துக்கிட்டு மத்ததை வெள்ளைக்காரங்களுக்கு விடலாம் அக்கா, வாடகை அதுலயே வந்துரும்” என்றாள் தங்கை. கையில் இருந்தது 60,000 ரூபா. மிச்சத்துக்குத்தான் என் வளையல்கள்.

நான் தையல் வேலை செய்து பிழைப்பவள். கணவர் இல்லை. அந்த இரண்டு வளையல்களைத் தவிர எனக்கு வேறு சேமிப்பும் இல்லை. “முதல்ல நான் போய்ப் பார்க்கிறேன்” என்றேன். அப்படித்தான் அந்த மார்கழி மாதம், தங்கையின் கணவரோடு வேலை செய்யும் ஒரு பையனின் தாயார் வீட்டில் பத்து நாட்கள் தங்கினேன்.

அன்றைய எல்லயும் இன்றைய எல்லயும்

நான் சிறுமியாக இருந்தபோது எல்ல என்பது கோச்சி நின்று போகும் ஒரு குளிரான ஊர். அவ்வளவுதான். கொழும்பிலிருந்து வரும் பாதை பதுளை வரை 1924இல் போட்டு முடிக்கப்பட்டது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் உள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் கட்டப்பட்டது. இரும்பு உத்தரம் எதுவும் இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு எழுப்பியது. தெமோதரையில் கோச்சி மலையைச் சுற்றி இறங்கி, தான் நின்ற ஸ்டேசனுக்கு அடியிலேயே உள்ள சுரங்கத்தால் வெளியே வரும். எங்களுக்கு அதெல்லாம் அதிசயமாகத் தெரிந்ததில்லை. அந்தப் பாலத்தில் எங்கள் அப்பா விறகுக் கட்டோடு நடந்திருக்கிறார். இன்று அதே பாலத்தைப் படமெடுக்க உலகத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள்.

யுத்தம் முடிந்த 2009இல் நம் நாட்டுக்கு வந்த உல்லாசப் பயணிகள் நாலரை இலட்சம் பேர்வரை. 2018இல் அது 23 இலட்சத்தைத் தாண்டியது. அந்த ஒன்பது வருடத்துக்குள் எல்லயின் முகமே மாறிவிட்டது. மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக விடுதிகள். கடைவீதி நெடுக உணவகங்கள். கோப்பிக் கடைகள், மசாஜ் நிலையங்கள், வாடகைக்கு மோட்டார் சைக்கிள்கள். மாலையானால் பாட்டுச் சத்தம். பலசரக்குக் கடை எங்கே என்று நான் தேடித் திரிந்தேன். ஊசியும் நூலும் வாங்கப் போனவள் பண்டாரவளைக்குப் போகச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டேன்!

ஆனால் குறை சொல்ல மட்டும் நான் இதை எழுதவில்லை. முதல் மூன்று நாட்களும் என் மனம் ‘வளையலைக் கொடுத்துவிடு’ என்றே சொன்னது. காரணம், அங்கே பெண்களின் கையில் காசு புழங்குவதைக் கண்டேன்.

தோட்டத்தில் ஒரு பெண் வெயிலிலும் மழையிலும் மலையேறிக் கொழுந்து பறித்தால் அப்போது நாட்சம்பளம் 1000 ரூபா. அதுவும் 2021இல் எத்தனையோ போராட்டத்துக்குப் பிறகு கிடைத்தது. 2024இல்தான் அது 1350 ரூபாவானது. எல்லயிலோ ஒரு பெண் வீட்டில் இருந்தபடியே பயணிகளின் உடுப்புத் துவைத்துக் கொடுத்தாள். கிலோவுக்கு 300 ரூபா. நல்ல நாளில் ஐந்து கிலோ வரும் என்றாள். இன்னொருத்தி வெளிநாட்டவருக்கு நம் கறிகளைச் சமைக்கச் சொல்லிக் கொடுக்கிறாள். பருப்பும் பூசணியும் தேங்காய்ச் சம்பலும்தான். அவர்கள் அம்மியில் அரைப்பதற்குக் கூடக் காசு கொடுக்கிறார்கள் என்று கேட்டபோது, வீட்டில் அரைத்து அரைத்துத் தேய்ந்த என் கையை ஒருதரம் பார்த்துக்கொண்டேன். தோட்டத்து லயத்தில் பிறந்த அவள் ஆங்கிலத்தில் கதைக்கிறாள். படித்தது எட்டாம் வகுப்பு வரை. அந்த நிமிர்ந்த பேச்சை எந்தப் பாடசாலையும் அவளுக்குக் கொடுத்திருக்காது.

தண்ணீர்

நான்காம் நாள் காலையில் குழாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது.

வீட்டுக்கார ஆச்சி சிங்களத்தில் சொன்னார்: “இன்றைக்கு வராது, நாளைக்கும் வராது. சனிக்கிழமை பவுசர் வரும்.” சுற்றிலும் மழை பெய்து நனைந்த மலைகள். கீழே இராவணன் நீர்வீழ்ச்சி விழுந்துகொண்டிருக்கிறது. ஊரின் பெயரான ‘எல்ல’ என்ற சிங்களச் சொல்லே நீர்வீழ்ச்சியைத்தான் குறிக்கும். அந்த ஊரில் முகம் கழுவ வாளியைப் பார்த்து நிற்கிறேன்.

எல்லாப் பழியையும் விடுதிகளின் மேல் போடுவது சரியல்ல. பண்டாரவளை, எல்லப் பகுதிகளின் நிலத்தடி நீருக்கு வேறொரு கதையும் இருக்கிறது. உமா ஓயா திட்டத்துக்காக மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டியபோது, 2014 கடைசியிலும் பிறகு 2017இலும் நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. மேலே இருந்த கிணறுகள் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 2017இல் பண்டாரவளை நகரமே கடைகளை மூடி வீதியில் இறங்கியது. திட்டம் நிறைவடைந்து 2024 ஏப்ரலில் 120 மெகாவாட் மின்நிலையமும் திறக்கப்பட்டுவிட்டது. ஆச்சியின் கிணற்றில் இப்போது துளசிச் சாடி வைக்கப்பட்டிருக்கிறது.

ஆனாலும் ஒரு கேள்வி வருகிறது. இருக்கிற கொஞ்சத் தண்ணீர் யாருக்கு? பெரிய விடுதிக்காரர் தனக்கென்று தாங்கி கட்டி, பவுசரில் காசு கொடுத்து நிரப்பிக்கொள்கிறார். அங்கே தங்குபவர் பதினைந்து நிமிடம் சுடுநீரில் குளிக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் குடத்தோடு நிற்கிறாள். உடுப்புத் துவைத்து நாளைக்கு 1500 ரூபா உழைப்பவளிடம் போய் மறுபடியும் கேட்டேன். தண்ணீர் வராத நாளில்? “பைப் வராட்டி ஓடைக்குத் தூக்கிட்டுப் போவேன் அக்கா” என்றாள். எத்தனை தரம் என்று நான் கேட்கவில்லை. அவளுடைய இடுப்பில் கட்டியிருந்த துணி பதில் சொல்லிற்று.

ஆச்சியின் கணக்கு

ஆச்சிக்கு எழுபது வயதுக்கு மேல். மூன்று ஆண் பிள்ளைகள். கடைவீதியின் ஓரத்தில் அவருக்கு இருபது பேர்ச்சஸ் காணி இருந்ததாம். 2012இல் கொழும்புக்காரர் ஒருவர் வந்து கேட்டபோது, தன் வாழ்நாளில் கேள்விப்படாத ஒரு தொகை என்று சந்தோசமாக விற்றார். மூத்தவனுக்குக் கல்யாணம், இரண்டாமவனுக்கு ஓட்டோ, கூரைக்குத் தகரம். காசு முடிந்தது. இன்று அதே காணியில் நான்கு மாடி நிற்கிறது. கடைசி மகன் அங்கே கட்டில் விரிப்பு மாற்றுகிறான்.

“நான் விற்றது பிழை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அன்றைக்கு விற்காதே என்று சொன்ன ஒருவரும் இல்லை” என்றார். அவர் வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. கொய்யாப்பழம் வெட்டிக்கொண்டே சொன்னார்.

அவர்தான் எனக்கு அந்த ஊரின் கணக்கைச் சொல்லித் தந்தவர். சீசன் என்றால் மார்கழி முதல் சித்திரை வரை, பிறகு ஆடி, ஆவணி. மற்ற மாதங்களில் வேலைக்கு நிற்பவர்களைப் பாதி நாளைக்கு வரச் சொல்வார்கள். அதனால் கிடைக்கும் சம்பளத்தைப் பன்னிரண்டால் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார். ஊரில் விலைகள் எல்லாம் பயணிகளின் விலைகள். கடைவீதியில் ஒரு தேநீர் 400 ரூபா. உள்ளூர்க்காரர் குடிக்கும் கடை பஸ் தரிப்பிடத்துக்கு அப்பால் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. மரக்கறிக்குக் கூடப் பண்டாரவளைச் சந்தைக்குத்தான் போக வேண்டும். காய்ச்சல் என்றால் பரவாயில்லை, பெரிய நோய் என்றால் தியத்தலாவை அல்லது பதுளை. எல்லாவற்றுக்கும் மேல், உல்லாசப் பயணம் நின்றுபோனால் எல்லோருக்கும் ஒரே நாளில் நின்றுபோகும். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நின்றது. அடுத்த வருடம் கொரோனாவோடு நின்றது. 2021இல் முழு நாட்டுக்கும் வந்தவர்கள் இரண்டு இலட்சம் பேர் கூட இல்லை. அந்தக் காலத்தில் அந்த ஊர்ப் பையன்கள் ஓட்டோக்களை லீசிங்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தோட்டத்தில் கவ்வாத்து வேலைக்குப் போனார்கள் என்று சொன்னார்.

என் மனதில் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. தங்கையின் மூத்த மகளுக்கு அப்போது பதினான்கு வயது. இந்த ஊரில் பெண் பிள்ளை வளர்க்கலாமா?

பாடசாலை விடும் நேரம் வீதியோரத்தில் நின்று பார்த்தேன். ஊரில் எல்லோரும் ‘வெள்ளைக்காரர் அரைகுறை உடுப்போடு திரிகிறார்கள், பிள்ளைகள் கெட்டுப்போகும்’ என்கிறார்கள். நான் பார்த்த அளவில் அவர்கள் தங்கள் பாட்டில் போகிறார்கள். பிள்ளைகளும் தங்கள் பாட்டில் போகிறார்கள். தொல்லை வந்தது நீண்ட விடுமுறைக்கு வான்களில் வரும் நம் நாட்டு இளைஞர் கூட்டத்திடமிருந்துதான். சாராயமும் சத்தமும் கேலியும். அந்த இரண்டு நாட்களும் பெண் பிள்ளைகள் கடைவீதியை விட்டுப் பின்பாதையால் வீட்டுக்கு நடந்தார்கள். நாம் யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதில் கூட நமக்கு ஒரு தெளிவு இல்லை என்று தோன்றியது.

பையன்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை கூடியது. பதினாறு வயதில் ஒருவன் பயணிகளை மலைக்குக் கூட்டிப்போய் ஒரு நாளைக்கு 5000 ரூபா பார்த்துவிட்டால் பிறகு எந்த வாத்தியார் சொல்லி அவன் வகுப்பில் உட்காரப் போகிறான்?

பத்தாம் நாள் பதுளைக்குத் திரும்பினேன். தங்கை ஒன்றும் கேட்கவில்லை. தேநீர் ஊற்றித் தந்துவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகாதே என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். அப்போது சின்னவன் ஓடி வந்து, “பெரியம்மா, எல்லவுக்குப் போனா அப்பா ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வருவாரா?” என்று கேட்டான். தண்ணீரும் விலைவாசியும் சீசனும் என் நாக்கிலேயே நின்றுவிட்டன. அடுத்த திங்கட்கிழமை வங்கியில் வளையல்களை அடகு வைத்தேன். அது சரியா பிழையா என்று இன்றுவரை நான் எனக்குள் வழக்காடிக்கொண்டிருக்கிறேன்.

2024 தையில் குடிபோனார்கள். அந்த வருடம் நல்ல வருடம் என்றே சொல்ல வேண்டும். நாட்டுக்கு 20 இலட்சத்துக்கும் மேல் பயணிகள் வந்தார்கள். முன்னறை மாதத்தில் பதினைந்து நாட்களாவது நிறைந்தது. தங்கை காலையில் பாற்சோறும் பழமும் ரொட்டியும் வைத்துக் கொடுத்தாள். மகள் அவர்களோடு ஆங்கிலம் பேசிப் பழகினாள். அறையை இணையத்தில் போட்டுக் கொடுத்ததும், தரகு எவ்வளவு போகிறது என்று கணக்கு வைத்ததும் அவள்தான். ஆவணியில் ஒரு வளையலை மீட்டுத் தந்தார்கள். அப்பா ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்தார்.

நால்வரும் பின்னறையில் படுத்ததைப் பற்றி யாரும் என்னிடம் முறையிடவில்லை. ஆனால் ஒருதரம் போனபோது, மகள் குசினியில் மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் இருந்தவர்கள் நித்திரையாம், சத்தம் போடக் கூடாதாம். தன் சொந்த வீட்டில் குசுகுசுவென்று கதைக்கும் பிள்ளையைக் கண்டபோது எனக்கு மனம் ஆறவில்லை. 2025 சித்திரையில் வீட்டுக்காரர் வாடகையை 45,000 ஆக்கினார். “பக்கத்து வீட்டுக்கு அதைவிடக் கூடத் தர ஆள் இருக்கு” என்றாராம். ஒப்பந்தத்தில் அப்படி இல்லை என்று தங்கை வாதாடிப் பார்த்தாள். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான் எழுதப்பட்டிருந்தது. கையெழுத்து வைக்கும்போது நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. வாடகை வீடு எடுக்கும் சகோதரிகள் தயவுசெய்து அந்தத் திகதியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

அந்த செப்டெம்பரில் மகளை நான் பதுளைக்குக் கூட்டி வந்துவிட்டேன். சாதாரண தரப் பரீட்சை நெருங்கியது ஒரு காரணம். 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் தங்காலையிலிருந்து சுற்றுலா வந்தவர்களின் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தது மற்றக் காரணம். அந்த இரவு கயிறு கட்டி இறங்கியவர்களில் ஊர்ப் பையன்களும் இருந்தார்கள் என்று சொன்னார்கள். அவர்களைப் பற்றி நான் மேலே எழுதியதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும்.

பிறகு கார்த்திகை மாதம். 2025 நவம்பர் கடைசியில் ‘டித்வா’ புயல் மழை மலையகத்தை என்ன செய்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பதுளை மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று. வீதிகள் இல்லை, மின்சாரம் இல்லை, போன் இல்லை. மூன்று நாட்கள் தங்கையின் குரலைக் கேட்க முடியவில்லை. 2014இல் மீரியபெத்தயில் லயங்கள் மண்ணுக்குள் போன காலை எனக்கு ஞாபகம் இருக்கிறது. மகளை அணைத்துக்கொண்டு, விளக்கில்லாத வீட்டில் அந்த மூன்று இரவுகளையும் கழித்தேன். முற்பணத்துக்கு வளையல் கொடுத்தவள் நான்தானே!

நான்காம் நாள் மாலை போன் வந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த அணைக்கட்டுச் சுவர் வெடித்துவிட்டது. இரவோடு இரவாக எல்லோரையும் பன்சலை மண்டபத்துக்குக் கொண்டுபோனார்களாம். அங்கே ஊர்ச் சனமும், விடுதிகளில் அகப்பட்டுக்கொண்ட பயணிகளும் ஒரே பாயில். தங்கையும் அவள் கணவரும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து பெரிய சட்டியில் சோறும் பருப்பும் ஆக்கினார்கள். “ஆச்சியும் பக்கத்துல இருந்து வெங்காயம் உரிச்சாங்க அக்கா” என்றாள். அந்த மூன்று நாளும் எல்லயில் பயணி என்றும் ஊரவர் என்றும் விலை வித்தியாசம் இருக்கவில்லை.

பாதை சேதமானதால் கொழும்பிலிருந்து கோச்சி பல வாரங்கள் வரவில்லை. அறை வெறுமையாகக் கிடந்தது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்து அதிகாரிகள் வந்து சுவரைப் பார்த்துவிட்டு, கடும் மழை என்றால் பின்னறையில் படுக்கக் கூடாது என்று சொல்லிப் போனார்கள். ஆகவே இப்போது தங்கை குடும்பம் முன்னறையில் படுக்கிறது. பயணிகளுக்குக் கொடுக்க அறை இல்லை. வாடகை மட்டும் 45,000.

பெப்ரவரியில் மகள் பரீட்சை எழுதினாள். உயர்தரத்துக்கும் பதுளையிலேயே இருக்கட்டும் என்றேன், தங்கை மறுக்கவில்லை. “அப்ப நீங்களும் திரும்பி வாங்களேன்” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“இல்லக்கா. வெளிநாட்டுக்காரங்களுக்குச் சமையல் சொல்லிக் குடுக்கப் போறேன். ஆச்சி வீட்டு முத்தத்துல இடம் தாறாங்க. ரெண்டு பேரும் பங்கு” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மற்ற வளையலை ஆவணிக்குள்ள எடுத்துத் தாறேன்” என்றாள்.

அம்மிக்கல் ஒன்று வேண்டுமாம். எங்கள் வீட்டில் அம்மாவுடையது சும்மாதான் கிடக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.